பழைய கடற்கரை ஊர்கள் தம் இயல்பை இழப்பது பற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர நிலத்தின் பரப்பு சிறியது, அதை விரும்புவோரின் எண்ணிக்கையோ பெரியது. அதனால் உள்நாட்டு ஊர் ஒன்றில் இரண்டு தலைமுறைகளில் நடக்கும் மாற்றம் கடற்கரை ஊரில் பத்து, பதினைந்து ஆண்டுகளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அம்மாற்றம் எப்படி நடக்கிறது, எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க இயலாது என்பன குறித்து மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். சட்டங்களும் வாக்கெடுப்புகளும் நன்கு பதிவாகியிருக்கும் ஊர்களிலிருந்தே பெரும்பாலான எடுத்துக்காட்டுகளை எடுத்துக்கொண்டேன்.

ஒரு கடற்கரை ஊரின் ‘இயல்பு’ என்று எதைச் சொல்கிறோம்?

பெரும்பாலோர் முதலில் சொல்வது அதன் தோற்றத்தை. தாழ்ந்த கூரைகள், உப்புக்காற்றில் வெளிறிய மரப்பலகைகள், வண்டியைவிட மனிதர்களுக்கே ஏற்ற குறுகிய தெருக்கள், எந்தத் தெருமுனையில் நின்றாலும் தெரியும் கடல் ஆகியவை மனத்தில் நிற்பது இயற்கையே. ஆயினும் அத்தோற்றத்தை உண்டாக்கியது கட்டடக் கலைஞரின் கை அன்று. நிலம் மலிவாக இருந்ததால் சிறிய வீட்டை இடித்துப் பெரியதாகக் கட்ட வேண்டிய நெருக்கடி யாருக்கும் ஏற்படவில்லை. வாடகை குறைவாக இருந்ததால், ஆண்டில் மூன்று மாதங்கள் மட்டுமே நன்றாக விற்பனையாகும் ஒரு கடை மற்ற ஒன்பது மாதங்களும் திறந்திருக்க முடிந்தது. படகு பழுது பார்ப்பவரும், மீனவரும், பள்ளி ஆசிரியரும், ஓய்வூதியத்தில் வாழும் முதியவரும், கோடையில் மட்டும் வேலை கிடைக்கும் இளைஞரும் அடுத்தடுத்த வீடுகளில் வசித்ததற்கும் அதுவே காரணம்.

ஆகவே ஓர் ஊரின் இயல்பை அறிய விரும்புபவர் சுற்றுலாப் பருவத்தில் அதைப் பார்ப்பதைவிட, பருவம் முடிந்த பின்னர் வார நாள் ஒன்றில் பார்ப்பது நல்லது. அந்த நாளில் எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறார்கள், எத்தனை கடைகள் உள்ளூர்க்காரரின் தேவைக்காகத் திறந்திருக்கின்றன, பள்ளியில் பிள்ளைகள் சேர்கிறார்களா என்பவை கட்டடங்களின் நிறத்தைவிட உண்மையான அளவுகோல்கள். தோற்றம் அப்படியே இருக்க, இவை மூன்றும் மறைந்துபோன ஊர்கள் உண்டு. அவற்றையும் இழக்கப்பட்ட ஊர்களாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழையது என்று நாம் போற்றுவதும் ஒரு காலத்தில் புதிய வணிகத் திட்டமாக இருந்ததுதானே?

பல இடங்களில் ஆம். லாஸ் ஏஞ்சலிஸ் கடலோரத்தில் உள்ள வெனிஸ், 1905ஆம் ஆண்டு ஆபட் கின்னி என்ற புகையிலைத் தொழிலதிபர் கால்வாய்களும் கேளிக்கைக் கூடங்களும் அமைத்துத் திறந்த ஒரு மனைவணிகத் திட்டம். அக்கால்வாய்களில் பெரும்பாலானவை 1929இல் தூர்க்கப்பட்டுச் சாலைகளாயின. அவ்வூர் நலிந்து வாடகை வீழ்ந்த பல பத்தாண்டுகளில்தான் கவிஞர்களும் ஓவியர்களும் உடற்பயிற்சிக்காரர்களும் தெருக் கலைஞர்களும் அங்கே குடியேறினார்கள். இன்று எந்த வெனிஸ் மறைகிறது என்று வருந்துகிறோமோ அது அந்த நலிவுக் காலத்தில் உருவானது.

ஆஸ்திரேலியாவின் பைரன் பேயும் அப்படியே. 1962 வரை அங்கே திமிங்கில வேட்டை நிலையம் இயங்கியது, 1983 வரை இறைச்சித் தொழிற்சாலை இருந்தது. அலைச்சறுக்கு வீரர்களும் மாற்று வாழ்க்கை தேடியவர்களும் அங்கே சேர்ந்ததற்கு, துர்நாற்றம் வீசிய அத்தொழிலூரில் வீடுகள் மலிவாகக் கிடைத்ததும் ஒரு காரணம்.

இதிலிருந்து ‘எல்லாம் மாறுவதே’ என்று கைவிரித்துவிடும் முடிவுக்கு வர வேண்டியதில்லை. முந்தைய மாற்றங்கள் வந்தவருக்கு இடம் கொடுத்தன. புதிதாக வந்தவர் இருந்தவரை வெளியேற்றித்தான் வாழ வேண்டும் என்ற நிலை பெரும்பாலும் இல்லை. இன்றைய மாற்றத்தில் ஒருவர் வருவதற்கு மற்றொருவர் போக வேண்டியிருக்கிறது. வேறுபாடு அதில் உள்ளது.

மாற்றம் எந்த வரிசையில் நடக்கிறது?

புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980இல் சுற்றுலாத் தலங்களின் வளர்ச்சியைச் சில கட்டங்களாக வரைந்து காட்டினார். சிலர் தாமாகத் தேடி வரும் கட்டம் முதலாவது. உள்ளூரார் அவர்களுக்கு அறையும் உணவும் தரும் கட்டம் அடுத்தது. பின்னர் வெளியிலிருந்து முதலீடு வருகிறது, அது ஊரின் முதன்மைத் தொழிலாகிறது, ஒரு கட்டத்தில் தேங்குகிறது. அதன்பின் ஊர் சரியலாம், அல்லது புதுப்பிக்கப்படலாம்.

அவ்வரைபடத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடம், கட்டுப்பாடு உள்ளூராரின் கையிலிருந்து வெளியார் கைக்கு மாறும் இடம். விருந்தினருக்கு அறை கொடுக்கும் குடும்பம் அதே வீட்டின் பின்புறத்தில் வாழும் வரை, ஊரின் நலனும் அக்குடும்பத்தின் நலனும் ஏறத்தாழ ஒன்று. அந்த வீட்டைத் தொலைவிலுள்ள ஒரு நிறுவனம் வாங்கி மேலாளரை வைத்து நடத்தத் தொடங்கியதும், குடிநீர்ப் பற்றாக்குறையும் பள்ளி மூடலும் அந்நிறுவனத்தின் கணக்கில் இடம்பெறுவதில்லை. அப்படி மாறும்போது சத்தம் எதுவும் எழுவதில்லை, பெயர்ப்பலகைகூட அதேதான். அதனால்தான் மக்கள் பெரிய விடுதி எழும்பும்போது திரண்டு எதிர்க்கிறார்கள், அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நடந்ததை அறியாமல் இருந்துவிடுகிறார்கள்.

வாடிக்கையாளர் பெருகியிருக்கும் நேரத்தில் பழைய கடைக்காரர் ஏன் கடையை மூடுகிறார்?

ஏனெனில் வாடிக்கையாளர் பெருகும் வேகத்தைவிட அந்த இடத்தின் மதிப்பு ஏறும் வேகம் அதிகம். நீண்ட காலம் நிலைத்த கடைகளில் பல, ஒரே உரிமையாளரிடம் எழுத்தில் இல்லாத உறுதிமொழியின் பேரிலோ மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையின் பேரிலோ இயங்கியவை. உரிமையாளர் மறைந்து பிள்ளைகள் இடத்தை விற்கும்போது, வாங்குபவர் கொடுத்த விலைக்கு ஏற்ற வருமானம் அந்த இடத்திலிருந்து வந்தாக வேண்டும். பழைய வாடகை அதற்குப் போதாது. கடைக்காரர் திறமையாக நடத்தினாரா என்பது அங்கே பேச்சாகவே வருவதில்லை.

கலிபோர்னியாவில் இதற்கு வரிச் சட்டமும் துணை நிற்கிறது. அங்கே 1978இல் வாக்காளர்களின் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘13ஆம் முன்மொழிவு’ என்ற சட்டத்தின்படி, ஒரு சொத்தின் வரி மதிப்பு கைமாறாத வரை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராது. கைமாறியதும் அன்றைய சந்தை மதிப்பில் வரி விதிக்கப்படும். வணிக இடங்களின் குத்தகை ஒப்பந்தங்கள் பலவற்றில் சொத்துவரியையும் காப்பீட்டையும் வாடகைக்காரரே செலுத்த வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கும். நாற்பது ஆண்டுகளாகக் கைமாறாத கட்டடம் ஒன்று விற்கப்பட்ட மறு ஆண்டே, வாடகை ஒரு காசுகூட ஏறாவிட்டாலும், கடைக்காரரின் செலவு பல மடங்காகலாம்.

புதிதாக வருபவர் அதைத் தாங்குவது எப்படி என்று கேட்கலாம். பெரிய நிறுவனத்தின் கிளை ஒன்று கடலைப் பார்த்த தெருவில் இருப்பதே அதற்கு விளம்பரம். அந்தக் கிளையில் நட்டம் வந்தாலும் மற்ற கிளைகளின் வருமானம் ஈடுகட்டும். ஒரே கடையை நம்பி வாழ்பவர் அந்தப் போட்டியில் வெல்ல முடியாது, வெல்ல வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

பரம்பரையாக வாழ்ந்த குடும்பங்கள் தாமாகத்தானே விற்கின்றன?

கையெழுத்து அவர்களுடையதுதான். ஆனால் நான்கு பிள்ளைகள் ஒரு சிறிய வீட்டை மரபுரிமையாகப் பெறும்போது, அதில் வாழ விரும்பும் ஒருவர் மற்ற மூவரின் பங்கைச் சந்தை விலையில் வாங்க வேண்டும். அது பெரும்பாலும் இயலாது. கலிபோர்னியாவில் 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 19ஆம் முன்மொழிவின்படி, பெற்றோரின் வீட்டைப் பெறும் பிள்ளை அதையே தன் முதன்மை வசிப்பிடமாகக் கொள்ளாவிட்டால் பழைய வரி மதிப்பு தொடராது. செல்வந்தர்கள் விடுமுறை வீடுகளை வரிச்சலுகையோடு கைமாற்றுவதைத் தடுக்க எழுந்த அவ்விதி நியாயமானதுதான். இருப்பினும் அதே விதி, கடலோரக் குடிசை ஒன்றை மூன்று தலைமுறைகளாகப் பங்கிட்டுப் பயன்படுத்திய எளிய குடும்பத்தையும் விற்பனையை நோக்கித் தள்ளுகிறது. விற்பவர்மேல் பழி சொல்வதை நான் ஏற்கவில்லை. முதுமைக் கால மருத்துவச் செலவுக்கு அந்த வீட்டைத் தவிர வேறு சேமிப்பு இல்லாதவர் பலர்.

புயலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மிக நெருங்கிய தொடர்பு, அதிகம் பேசப்படாத தொடர்பு. அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில், வெள்ள அபாயப் பகுதியிலுள்ள ஒரு கட்டடத்தைப் பழுதுபார்க்கும் செலவு சேதத்துக்கு முந்தைய அதன் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், முழுக் கட்டடத்தையும் இன்றைய விதிகளுக்கு ஏற்பக் கொண்டுவர வேண்டும். வீடாக இருந்தால் வெள்ள மட்டத்துக்கு மேல் தூண்களில் உயர்த்த வேண்டும். இங்கே மதிப்பு என்பது கட்டடத்தின் மதிப்பு மட்டுமே. நிலத்தின் மதிப்பு சேராது. கடலோரத்தில் நிலம் பெரும் விலையும் பழைய வீடு மிகச் சிறிய விலையும் பெறுவதால், ஓரளவு சேதமே பாதி என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது.

2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் பீச்சைத் தாக்கியபோது, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தரைமட்டத்தில் கட்டப்பட்ட மரவீடுகளில் பெரும்பகுதி அழிந்தது. சுவர் நின்ற வீடுகளிலும் பலவற்றை உயர்த்திக் கட்ட வசதியில்லாமல் உரிமையாளர்கள் காலிமனையாக விற்றார்கள். புயலுக்கு முன்பே தொடங்கியிருந்த பெரிய உல்லாச விடுதி ஒன்று 2023 இறுதியில் அங்கே திறக்கப்பட்டது.

அவ்விதியைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தாழ்வான வீட்டில் மக்கள் மூழ்கி இறப்பதை எந்த மரபுப் பற்றாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் பாதுகாப்புக்கான செலவு முழுவதையும் தனிமனிதர்மேல் சுமத்தினால், பாதுகாப்பான ஊரில் வாழ்பவர் வேறு ஆட்களாக இருப்பார்கள் என்பதைத் திட்டமிடுவோர் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டை உயர்த்துவதற்கான நிதி உதவி புயலுக்குப் பின்னர் தாமதமாக வருவதைவிட முன்பே கிடைத்தால் பலர் தங்கியிருப்பார்கள்.

புதிய வணிகங்கள் வேலையும் வருமானமும் தருகின்றனவே?

தருகின்றன. நலிந்த ஊருக்கு அது சிறிய உதவி அன்று. இங்கிலாந்தின் மார்கேட்டில் 2011இல் திறக்கப்பட்ட டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடம், பாதி மூடிக் கிடந்த கடைவீதிக்கு மீண்டும் ஆட்களைக் கொண்டுவந்தது. அதே ஊரில் வாடகையும் ஏறியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

எல்லா முதலீடும் தெருவுக்குப் பயன் தருவதில்லை. அட்லாண்டிக் சிட்டியில் சூதாட்ட விடுதிகள் நடத்த நியூ ஜெர்சி மாநில வாக்காளர்கள் 1976இல் வாக்கெடுப்பின் மூலம் ஒப்புதல் அளித்தார்கள். முதல் விடுதி 1978இல் திறந்தது. விருந்தினர் உண்பதும் உறங்குவதும் பொழுதுபோக்குவதும் ஒரே கூரையின் கீழ் நிகழும்படி அவை வடிவமைக்கப்பட்டிருந்ததால், வாசலுக்கு வெளியிலிருந்த சிறு உணவகங்களுக்கு எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. அண்டை மாநிலங்களும் சூதாட்டத்தை அனுமதித்த பின்னர், 2014ஆம் ஆண்டில் மட்டும் அங்கே நான்கு விடுதிகள் மூடப்பட்டன. ஒரு திட்டத்தை எடைபோடும்போது அது எத்தனை வேலை தரும் என்பதோடு, அந்த வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தில் அதே ஊரில் வாடகைக்கு வீடு எடுக்க முடியுமா என்றும், வருபவர் தெருவில் நடப்பாரா கட்டடத்துக்குள்ளேயே இருந்துவிடுவாரா என்றும் கேட்க வேண்டும்.

கிளை நிறுவனங்களைச் சட்டப்படி தடுக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. கலிபோர்னியாவின் கார்மல் 1980களிலேயே ஒரே அச்சில் வார்த்த உணவகங்களுக்குத் தடை விதித்தது. மாசசூசெட்ஸ் கடலோரத் தீவான நான்டக்கெட், 2006இல் ஊர்க்கூட்ட வாக்கெடுப்பின் மூலம் தன் மையக் கடைவீதியில் புதிய தொடர் நிறுவனங்கள் நுழைவதைத் தடுத்தது. சான் பிரான்சிஸ்கோ வேறு வழியை எடுத்தது: பதினொன்றுக்கு மேற்பட்ட கிளைகளும் ஒரே மாதிரியான பெயர்ப்பலகை, சீருடை, அலங்காரம் போன்றவையும் உள்ள நிறுவனம், குடியிருப்புப் பகுதிக் கடைவீதிகளில் கடை திறக்க வேண்டுமானால் பொது விசாரணைக்குப் பின் தனி அனுமதி பெற வேண்டும் என்று 2006இல் வாக்காளர்கள் முடிவு செய்தார்கள்.

இவ்விதிகளின் பயனை மிகைப்படுத்தக் கூடாது. கார்மலும் நான்டக்கெட்டும் இன்று மிகுந்த செல்வம் படைத்தவர்களின் ஊர்கள். கிளைக் கடை வராத இடத்தில் தனி உரிமையாளர் நடத்தும் விலையுயர்ந்த ஆடைக் கடையும் கலைப்பொருள் கூடமும் வந்தன. ஆணியும் கயிறும் விற்ற கடை திரும்பவில்லை. கடையின் பெயரை ஒழுங்குபடுத்தும் சட்டம் வாடகையை ஒழுங்குபடுத்தாது. அதைவிடப் பயனுள்ளதாக எனக்குத் தோன்றுவது கடையின் அளவுக்கு வரம்பு விதிப்பது. முகப்பின் அகலமும் தளத்தின் பரப்பும் சிறியதாக இருந்தால் பெரிய நிறுவனத்துக்கு அந்த இடத்தின் மேல் ஆர்வம் குறையும், அடுத்தடுத்த மனைகளை இணைத்து வாங்குபவரின் கணக்கும் பொய்க்கும்.

கட்டட உயரத்துக்கு வரம்பு விதிப்பது உதவுமா?

சான் டியேகோ வாக்காளர்கள் 1972இல் கடலோரப் பகுதியில் 30 அடிக்கு மேல் கட்டடம் எழக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதே ஆண்டில் கலிபோர்னியா முழுவதும் நடந்த வாக்கெடுப்பு, கடலோரக் கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்கும் கடலோர ஆணையத்தை உருவாக்கியது. 1976ஆம் ஆண்டுக் கடலோரச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. சான் டியேகோவின் ஓஷன் பீச் போன்ற பகுதிகள் இன்னும் தாழ்வாகவும் வெளிச்சமாகவும் இருப்பதற்கு அவ்வரம்பு பெரிய காரணம்.

ஸ்பெயினின் பெனிடோர்ம் எதிர்த் திசையில் சென்றது. மீன்பிடி ஊராக இருந்த அது, 1956ஆம் ஆண்டுத் திட்டத்துக்குப் பின் வானளாவிய கட்டடங்களின் நகரமாயிற்று. பழைய ஊரின் இயல்பு அங்கே பெரும்பாலும் மறைந்தது. எனினும் நடுத்தர வருவாயுள்ள குடும்பங்கள் இன்றும் அங்கே விடுமுறை கழிக்க முடிகிறது. உயர்ந்து கட்டியதால் கடலோரம் நெடுக வீடுகள் பரவும் தேவையும் குறைந்தது.

இந்த ஒப்பீடு சங்கடமானது, ஆனால் தவிர்க்கக் கூடாதது. தாழ்ந்த கட்டடங்கள் மட்டுமே உள்ள ஊரில் வாழ விரும்புவோர் அதிகமாகும்போது, வரம்பு தோற்றத்தைக் காக்கும், விலையை ஏற்றும். உயர வரம்பை ஆதரிப்பவர்கள் உள்புறத் தெருக்களில் மூன்று, நான்கு மாடி வாடகைக் குடியிருப்புகளையும் ஆதரிக்க வேண்டும். முதலாவதை மட்டும் கேட்பது, ஏற்கெனவே வீடு உள்ளவர்களின் சொத்து மதிப்பைக் காப்பதில்தான் முடியும்.

விடுமுறை வீடுகளையும் குறுகிய கால வாடகையையும் கட்டுப்படுத்தினால் ஊர் மீளுமா?

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் 2016 மே மாதம் நடத்திய வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் முழுநேர வசிப்பிடமாக மட்டுமே பயன்பட வேண்டும் என்ற விதியை ஆதரித்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் விதி புதிய வீடுகளை மட்டுமே கட்டுப்படுத்தியதால், விடுமுறை வீடு தேடியவர்கள் பழைய வீடுகளை நோக்கித் திரும்பினார்கள். ஊரின் நடுவிலுள்ள மீனவர் குடில்களே அவர்கள் மிகவும் விரும்பியவை. புதிய வீடு கட்டுவோருக்கும் இலாபம் குறைந்தது.

வேல்ஸ் வரியைக் கருவியாக்கியது. 2023 ஏப்ரல் முதல் அங்குள்ள உள்ளாட்சி மன்றங்கள் இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான வரிக்கு மேல் 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்கலாம். பைரன் பேயின் பெரும்பகுதியில், உரிமையாளர் தங்கியிராத வீட்டை ஆண்டில் 60 நாள்களுக்கு மேல் குறுகிய கால வாடகைக்கு விடக் கூடாது என்ற வரம்பு 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பார்சிலோனா நகரம், 2014இல் பார்சலோனெட்டா கடலோரக் குடியிருப்பு மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதிலிருந்து பல கட்டங்களாக நடவடிக்கை எடுத்து, 2028க்குள் சுமார் 10,000 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களையும் புதுப்பிக்காமல் விடப்போவதாக 2024இல் அறிவித்தது.

இவற்றில் பழைய வீடுகளையும் தொடும் விதிகளே நீடித்த பயன் தரும் என்று நினைக்கிறேன். கண்காணிப்பும் வேண்டும். முழுநேர வசிப்பிடம் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆண்டின் பெரும்பகுதி பூட்டி வைப்பவரைக் கண்டறிய ஆள் இல்லையெனில் விதி வெறும் தாளாகவே இருக்கும்.

கடற்கரை மணலுக்குச் செல்லும் வழியும் பறிபோகுமா?

பறிபோயிருக்கிறது, மீட்கவும்பட்டிருக்கிறது. 1966இல் ஒரிகான் மாநிலத்தின் கேனன் பீச்சில் ஒரு விடுதி, தனக்கு முன்னிருந்த உலர்மணல் பரப்பை வேலியிட்டுத் தன் விருந்தினருக்கென ஒதுக்கிக்கொண்டது. ஈரமணல் 1913 முதலே பொதுவழியாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் உலர்மணலைப் பற்றித் தெளிவான சட்டம் இல்லை. பெரும் எதிர்ப்புக்குப் பின், ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில் 1967இல் கடற்கரைச் சட்டம் நிறைவேறியது. 1969இல் மாநில உச்ச நீதிமன்றம், மக்கள் நெடுங்காலமாக இடையறாது அந்த மணலைப் பயன்படுத்தி வந்த வழக்காறே அவர்களின் உரிமைக்கு ஆதாரம் என்று தீர்ப்பளித்தது.

ஸ்பெயினின் 1988ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டமும் இந்தியாவின் 1991ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் கரையோரக் கட்டுமானத்துக்கு எல்லை வகுத்தவை. ஆனால் எல்லை வகுத்தால் மட்டும் போதாது: ஸ்பெயினின் காபோ டி காட்டா இயற்கைப் பூங்காவில் 400க்கும் மேற்பட்ட அறைகளோடு எழுந்த அல்கரோபிகோ விடுதியின் கட்டுமானம் 2006இல் நீதிமன்ற ஆணையால் நின்றது, அதன் பின்னும் அக்கட்டடம் இடிக்கப்படாமல் பல ஆண்டுகள் நின்றுகொண்டிருந்தது. கட்டி முடித்த தவற்றை அகற்றுவது, தொடங்குமுன் தடுப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.

முகப்பை மட்டும் பழையபடி வைத்துப் புதிதாகக் கட்டினால் போதாதா?

போதாது. ஹொனலுலுவின் வைகிக்கியில் 1957இல் தொடங்கிய திறந்தவெளிச் சந்தை 2013இல் மூடப்பட்டு, 2016இல் உயர்தர வணிக வளாகமாகத் திறந்தது. நடுவிலிருந்த பெரிய ஆலமரம் காப்பாற்றப்பட்டது. மரத்தடியில் சிறு வண்டிகள் வைத்து வணிகம் செய்தவர்களுக்கு அங்கே இடமில்லை. மரம் காப்பாற்றப்பட்டதில் மகிழ்ச்சியே. அதோடு சில வண்டிகளுக்காவது குறைந்த வாடகையில் இடம் ஒதுக்க வேண்டும் என்பதைக் கட்டட அனுமதியின் நிபந்தனையாக வைத்திருக்கலாம்.

பழைய கடற்கரை ஊர்கள் எல்லோருக்கும் நல்ல ஊர்களாக இருந்தனவா?

இல்லை. கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் வில்லா, சார்லஸ் புரூஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் 1912 முதல் நிலம் வாங்கிக் கடற்கரை விடுதி நடத்தினார்கள். பிற கடற்கரைகள் பலவற்றில் அனுமதி கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வந்து கடலில் நீராடின. அச்சுறுத்தல்களுக்கு அவர்கள் அஞ்சாமல் நின்றபோது, நகர நிர்வாகம் 1920களில் பூங்கா அமைப்பதாகச் சொல்லி நிலத்தைக் கையகப்படுத்தியது. அந்த நிலம் பல பத்தாண்டுகள் வெறுமனே கிடந்தது. 2022இல்தான் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் அதைக் குடும்பத்தின் வாரிசுகளிடம் திரும்ப ஒப்படைத்தது.

‘ஊரின் இயல்பைக் காப்போம்’ என்ற முழக்கம், பிறரை வெளியே நிறுத்தும் கருவியாகப் பயன்பட்ட வரலாறு இது. எனவே காக்க வேண்டும் என்று கேட்பவர்கள், யாருக்காகக் காக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். வாடகைக்காரர், பருவகாலத் தொழிலாளர், ஒருநாள் பயணமாகப் பேருந்தில் வரும் குடும்பம் ஆகியோருக்கு அந்த ஊரில் இடம் இருக்குமானால்தான் அக்கோரிக்கைக்கு நான் துணை நிற்பேன். கலிபோர்னியாவின் கடலோரச் சட்டம் குறைந்த செலவில் தங்கும் வசதிகளையும் காக்கச் சொல்வது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் ஊரில் இது தொடங்கிவிட்டது என்று தோன்றினால் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பட்டியலிலிருந்து. கடைவீதியிலும் கடலோரத் தெருக்களிலும் ஒவ்வோர் இடத்தின் உரிமையாளர் யார், குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, உரிமையாளரின் வயது என்ன, அடுத்த தலைமுறை ஊரில் இருக்கிறதா என்பவற்றைத் திரட்டுங்கள். எதிர்ப்புக் கூட்டங்களைவிட அலுப்பூட்டும் வேலை இது. ஆனால் அடுத்த ஐந்தாண்டுகளில் எந்த இடங்கள் கைமாறக்கூடும் என்பது அதிலிருந்து தெரியும். விற்பனைக்கு முன் உரிமையாளரோடு பேசினால் கடைக்காரரே வாங்குவதற்கோ நீண்ட குத்தகை எழுதுவதற்கோ வாய்ப்பு உண்டு, பேரம் முடிந்த பின் இல்லை.

அடுத்தது பணம். நான்டக்கெட் தீவில் 1983இல் உருவான நில வங்கி, பெரும்பாலான சொத்து விற்பனைகளில் வாங்குபவரிடமிருந்து 2 விழுக்காடு கட்டணம் பெற்று, அதைக் கொண்டு திறந்தவெளி நிலங்களைப் பொதுவுக்கென வாங்கி வருகிறது. விலை ஏறும்போது நிதியும் ஏறும் என்பது இதன் சிறப்பு. நிலத்தை ஓர் அறக்கட்டளை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் மறுவிற்பனை விலை வரம்போடு விற்கும் சமுதாய நில அறக்கட்டளை முறையும் உண்டு; அமெரிக்காவில் 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின உழவர்களுக்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து அது வளர்ந்தது. கடைகளுக்கு சான் பிரான்சிஸ்கோவின் ஏற்பாடு ஒன்று பின்பற்றத்தக்கது: 30 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் வணிகங்களை நகரம் பதிவேட்டில் சேர்க்கிறது, அவற்றுக்குப் பத்தாண்டுக் குத்தகை தரும் உரிமையாளருக்கு 2015இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின்கீழ் மானியம் கொடுக்கிறது. கடைக்காரரும் உரிமையாளரும் ஒரே மேசையில் அமர அது ஒரு காரணத்தை உண்டாக்குகிறது.

திட்ட அனுமதிக் கூட்டங்களுக்குச் செல்லும்போது ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாமல் நிபந்தனைகளை எழுதிக்கொண்டு செல்லுங்கள்: இத்தனை வாடகை வீடுகள் உள்ளூர் ஊதியத்துக்கு ஏற்ற அளவில், தரைத்தளத்தில் இத்தனை சிறு கடைகள், கடலுக்குச் செல்லும் பொதுவழி பத்திரத்தில் பதிவாக, பருவம் முடிந்த பின்னும் திறந்திருக்கும் உறுதியோடு. அவற்றில் பாதியாவது அனுமதி ஆணையில் எழுத்தாக இடம்பெறச் செய்து, ஆண்டுதோறும் அவை நிறைவேறுகின்றனவா என்று கேட்க ஒரு சிறு குழுவை அமர்த்துங்கள். மேல்முறையீட்டுக்குச் சட்டம் கொடுக்கும் நாள்கள் பெரும்பாலும் குறைவு என்பதால், ஆணை வெளியாகும் நாளிலேயே அதன் நகலை வாங்கிவிட வேண்டும்.